நகைப் படப்பிடிப்பில் டெதரிங்கும் லைவ் வியூவும்

கேமராவைக் கேபிளால் கணினியுடன் இணைத்துப் படமெடுக்கும் டெதரிங் முறையை, எடுத்த படம் உடனே பெரிய திரையில் வந்துவிடும் என்ற ஒரே வசதிக்காகப் பயன்படுத்துவோர் பலர். அதோடு, லென்ஸ் காணும் காட்சியை நேரடியாகத் திரையில் காட்டும் லைவ் வியூவையும் சேர்த்துக்கொண்டால், பொருளை வைத்திருக்கும் கோணம், சட்டகத்தின் எல்லை, ஃபோகஸ் ஆகியவற்றை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம். நகை எடுப்பவர்களுக்கு இது இன்றியமையாதது என்பேன். சிறு பொருள்களை மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸில் ஒரு ஜிமிக்கியை நெருங்கி எடுக்கும்போது, தோட்டின் நடுக்கல் தெளிவாக இருக்க, குடையின் முன்விளிம்பில் தொங்கும் முத்துகள் மங்கிப்போவது வழக்கம். கேமராவின் சிறு திரையில் அது கண்ணுக்கே தெரியாது.

கேனான் டிஎஸ்எல்ஆர் கேமராவையும் அந்நிறுவனம் இலவசமாகத் தரும் இஓஎஸ் யுட்டிலிட்டி மென்பொருளையும் வைத்து இங்கே விளக்குகிறேன். நிக்கானுக்கு என்எக்ஸ் டெதர், சோனிக்கு இமேஜிங் எட்ஜ் ஆகியவை உள்ளன. கேமராவை முக்காலியில் உறுதியாகப் பூட்டி, தானாக அணையும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். பல கேனான் மாடல்களில் வைஃபை இயங்கிக்கொண்டிருந்தால் யூஎஸ்பி இணைப்பு கிடைக்காது என்பதால் அதையும் அணைத்துவிடுங்கள். கேபிள் காலில் சிக்கினால் கேமராவின் இணைப்புத் துளையே சேதமாகும். ஆகவே அதை முக்காலியின் காலோடு தளர்வாகக் கட்டிவைப்பது நல்லது.

மென்பொருளில் லைவ் வியூ சாளரத்தைத் திறந்ததும், கூர்மையாக வரவேண்டிய இடத்தின் மீது உருப்பெருக்கச் சட்டத்தை நகர்த்தி, அப்பகுதியை முழு அளவில் பாருங்கள். லென்ஸின் சுவிட்ச் ஏஎஃப் (தானியங்கி ஃபோகஸ்) நிலையில் இருந்தால், திரையிலுள்ள அம்புக்குறிகளைச் சொடுக்கியே ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்தலாம். பெரிய அம்பில் தொடங்கி, மிகச் சிறிய அம்பில் முடியுங்கள். படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரே இக்காட்சியையும் தருவதால், கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியே ஃபோகஸ் செய்யும்போது தனி ஏஎஃப் உணரியால் நேரக்கூடிய சிறு பிசகு இங்கே இல்லை.

ஆனால் லைவ் வியூ சாதாரணமாக லென்ஸின் துளையான அபெர்ச்சரை முழுதாகத் திறந்துவைத்தே காட்சியைக் காட்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. நீங்கள் எஃப்/11 என்ற சிறு துளையை வைத்திருந்தாலும் திரையில் தெரிவது எஃப்/2.8 என்ற பெரிய துளையின் காட்சியாக இருக்கலாம். எனவே புல ஆழத்தை, அதாவது முன்பின்னாக எவ்வளவு தூரம் தெளிவாக வரும் என்பதை, முன்கூட்டிக் காட்டும் பொத்தானை அழுத்தி, முத்துகளும் நடுக்கல்லும் ஒருசேரத் தெளிகின்றனவா என்று பாருங்கள். தெளியவில்லையென்றால் அபெர்ச்சரை எஃப்/22 வரை குறுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுவதும் மென்மையாகிவிடும். மாறாக, முன்முத்திலிருந்து தொடங்கி, சிறிய அம்பால் ஒவ்வோர் அடியாக ஃபோகஸைப் பின்னே நகர்த்திப் பல படங்கள் எடுத்து, பின்னர் ஃபோட்டோஷாப்பில் ஒன்றாக இணையுங்கள். இதற்காகவே இந்த அம்புகளைப் படைத்தார்களோ என்று தோன்றும் அளவுக்கு வேலை துல்லியமாக நடக்கும்.

ஸ்டூடியோ ஃபிளாஷ் பயன்படுத்துவோருக்குத் திரை முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தால், கேமரா பழுதென்று அஞ்ச வேண்டாம். 1/125 நொடி, ஐஎஸ்ஓ 100 என்ற அமைப்பில், ஃபிளாஷ் இல்லாத அறை வெளிச்சம் எப்படிப் பதிவாகுமோ அதையே கேமரா நேர்மையாகக் காட்டுகிறது. படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிவாகும் என்பதைத் திரையில் காட்டும் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணைத்து, ஃபிளாஷில் தொடர்ந்து எரியும் சிறு விளக்கான மாடலிங் விளக்கை எரியவிட்டால் காட்சி தெளிவாகும். அந்நிலையில் திரையின் வெளிச்சத்தை நம்பி எக்ஸ்போஷரை முடிவுசெய்யாதீர்கள்; எடுத்த படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமே சான்று. எல்இடி விளக்கில் திரையில் பட்டைகள் ஓடினால், கேமராவில் திரை மினுக்கலைத் தடுக்கும் அமைப்பு இருந்தால், அதை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஃபோகஸை நகர்த்தாமல் ஒரே படமாக எடுப்பதென்றால், எல்லாம் அமைந்ததும் லென்ஸை அசைக்காமல் சுவிட்சை எம்எஃப் (கையால் ஃபோகஸ்) நிலைக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் ஷட்டரைச் சொடுக்கும்போது ஃபோகஸ் மீண்டும் தேடப் புறப்படலாம். நகையை மாற்றும் இடைவேளைகளில் லைவ் வியூவை அணைத்துவையுங்கள். நெடுநேரம் ஓடினால் சென்சார் சூடேறிப் படத்தில் இரைச்சல் கூடும், பேட்டரியும் விரைவில் தீரும். நாள் முழுதும் வேலை என்றால், பேட்டரி இடத்தில் பொருத்தும் மின் அடாப்டரை வாங்கிக்கொள்வது, கூடுதல் பேட்டரிகள் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு.