களாப்பழம் பறிக்கப் போகிறீர்களா? முதலில் முள்ளைப் பாருங்கள்

சித்திரை, வைகாசியில் குன்றடிவாரப் புதர்களில் களா பழுக்கத் தொடங்கும். பறிக்கும் முன் கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக, முட்டை வடிவில், தடித்துப் பளபளக்கும். கணுவில் இரண்டிரண்டாக முள் இருக்கும்; சில முட்களின் நுனி கவைபோலப் பிரிந்திருக்கும். இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். மல்லிகையை நினைவூட்டும் ஐந்து இதழ் வெண்பூ ஒன்றிரண்டு மிச்சமிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பாலை மட்டும் நம்பிவிடாதீர்கள். மஞ்சள் அரளியிலும் பால் வரும். அதன் காயும் முற்றினால் கறுக்கும். ஆனால் அதில் முள் கிடையாது. இலை ஒடுங்கி நீண்டிருக்கும். காய் பருத்துப் புடைத்திருக்கும். அதன் கொட்டை இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய நஞ்சு. குழந்தைகளை அழைத்துப் போனால் இந்த இரண்டு செடிகளையும் அருகருகே காட்டிச் சொல்லிக்கொடுங்கள்; எனக்கு இதுதான் முக்கியம்.

களாவில் சிவந்த காய் ஊறுகாய்க்கு. நன்றாகக் கறுத்து, தொட்டதும் கையோடு வருவதுதான் தின்ன ருசி. அரைகுறையாகப் பழுத்ததைக் கடித்தால் பால் உதட்டில் பிசினாக ஒட்டும். சாலையோரப் புதரையும் மருந்தடித்த வயல் வரப்பையும் விட்டுவிடுங்கள். உச்சிக்கிளைப் பழங்கள் பறவைகளுக்கு இருக்கட்டும்.