சட்டியில் இல்லாத கோல்: வெளிநாடு போகும் ஸ்ட்ரைக்கர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1987 கோடையில் இயன் ரஷ் இத்தாலிக்கு விமானம் ஏறியபோது, பிரிட்டன் கால்பந்தில் அவரைவிடப் பேர்பெற்ற ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிப்பதற்கென்றே முன்னால் நிற்பவர், இல்லை. அதற்கு முந்தைய சீசனில் இங்கிலாந்து கிளப்பான லிவர்பூலுக்காக லீக்கில் மட்டும் 30 கோல் அடித்திருந்தார். இத்தாலிய கிளப்பான யுவென்டஸில் ஆடிய ஒரே சீசனில் லீக்கில் அவர் அடித்தது 7. மறு ஆண்டே லிவர்பூலுக்குத் திரும்பிவிட்டார். "ஏதோ வெளிநாட்டில் இருப்பது போலிருந்தது" என்று இத்தாலியைப் பற்றி அவர் சொன்னதாக ஒரு வேடிக்கைப் பேச்சு இன்றும் சுற்றுகிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவரும் மறுத்து மறுத்து அலுத்துவிட்டார். அந்தப் பேச்சின் புண்ணியத்தில், வீட்டு நினைப்பும் பாஷையும்தான் ரஷ்ஷைக் கவிழ்த்தன என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவர் போய்ச் சேர்ந்த அந்தக் கோடையில்தான் யுவென்டஸின் ஆட்டத்தை நடுக்களத்திலிருந்து நடத்திய மிஷேல் பிளாட்டினி ஓய்வு பெற்றிருந்தார். ரஷ்ஷின் ஆட்டம் என்பது எதிரணியின் தடுப்பாட்டக்காரர் முதுகுக்குப் பின்னால் சரியான நொடியில் நழுவி ஓடுவது. அந்த ஓட்டத்தைப் பார்த்துப் பந்தை விட ஒரு ஆள் வேண்டும். லிவர்பூலில் பல வருடம் கென்னி டால்கிலிஷ் அதைச் செய்தார். இத்தாலியில் அதைச் செய்திருக்கக்கூடியவர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டார். அப்போதைய இத்தாலிய லீக்கும் கோல் விஷயத்தில் கஞ்சத்தனமானது. அந்த சீசனில் அங்கே அதிக கோல் அடித்த மரடோனாவின் கணக்கே 15தான். அந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் ரஷ்ஷின் 7 அவ்வளவு கேவலமில்லை.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஸ்ட்ரைக்கர் என்பவர் அகப்பை. கிளப்பின் பெயரையும் சம்பளத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போவதுதான் வெளிநாடு போகும் ஸ்ட்ரைக்கர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு. லூகா யோவிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-19இல் ஃபிராங்ஃபர்ட் அணிக்காக ஜெர்மன் லீக்கில் 17 கோல். அங்கே பக்கத்தில் ஹாலேர், ரெபிச் என்று இருவர் எதிரணியின் தடுப்பை இழுத்துக் கலைத்துக்கொடுத்தார்கள். 2019இல் சுமார் 6 கோடி யூரோவுக்கு ரியல் மாட்ரிட் அழைத்தது. யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்? ஆனால் அவர் ஆட வேண்டிய அதே இடத்தில் கரீம் பென்சிமா நின்றார், அதுவும் தன் ஆட்டத்தின் உச்சத்தில். மாட்ரிட் சட்டையில் யோவிச் அடித்தது மொத்தம் 3 கோல். இருபத்தோரு வயதில் ஒரு ஸ்ட்ரைக்கருக்குத் தேவை ஆட்ட நிமிடங்கள். அவருக்குக் கிடைத்தது பெஞ்ச்.

இதற்கு நேர்மாறான ஒரு கதை நம் சென்னையிலேயே நடந்தது. லிதுவேனியாவிலிருந்து வந்த நெரியஸ் வால்ஸ்கிஸுக்கு நாம்தான் வெளிநாடு. 2019-20 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. நல்ல ஸ்ட்ரைக்கர் கிடைக்கவில்லை என்று புலம்பல் எழுந்தது. டிசம்பரில் ஓவன் காயில் கோச்சாக வந்தார். ரஃபேல் கிரிவெல்லாரோ நடுவிலிருந்து பந்தை அவிழ்த்துவிட, அணி முன்னால் பாய ஆரம்பித்தது. அதே வால்ஸ்கிஸ் சீசன் முடிவில் 15 கோல்களோடு நின்றார். இறுதிப் போட்டியில் தோற்றாலும் சென்னையின் ஒரே கோல் அவருடையதுதான். அடுத்த சீசனில் காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் பின்னாலேயே போனார். தன்னைப் புரிந்துகொண்ட கோச்சைப் பின்தொடர்வது நல்ல கணக்குத்தான். அங்கே அவருக்கு 8 கோல் கிடைத்தது. ஆனால் பந்து கொடுத்த கிரிவெல்லாரோ சென்னையிலேயே இருந்துவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே பேச்சுவார்த்தையில் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. என்னைக் கேட்டது கோச்சா, கிளப் நிர்வாகமா? அந்தக் கோச்சின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது? முன்னால் ஒருவரை வைத்து ஆடுகிறார்களா, இருவரையா? எனக்கு முன் இந்த இடத்தில் ஆடியவர் ஏன் போனார்? கோச் பற்றிய கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். 1986இல் பார்சிலோனா போன கேரி லினேகர் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார், ஊரோடு ஒட்டினார், 1987 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக மூன்று கோல் அடித்து 3-2 என்று ஜெயிக்க வைத்தார். 1988இல் யோஹன் குரைஃப் கோச்சாக வந்ததும் அதே லினேகரைக் கோலுக்கு நேரே விடாமல் வலது ஓரத்தில், விங்கில், கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்து திரும்பிவிட்டார். ஆளும் அதே ஆள், கிளப்பும் அதே கிளப்.

அடுத்தது காகிதம். இதில் இந்திய வீரர்களுக்கு நல்ல பாடம் சுனில் சேத்ரி. 2009இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. பிரிட்டன் அரசு வேலை அனுமதி தர மறுத்துவிட்டது, ஏனென்றால் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லை. அவருடைய காலில் குறை எதுவும் இல்லை. விதி பிறகு மாறி, 2021 முதல் வேலை அனுமதிக்குப் புள்ளி முறை வந்துவிட்டது. ஆனாலும் நம் நாட்டின் தரவரிசையும் நாம் ஆடும் லீக்கின் தரமும் இன்னும் நம் முதுகில்தான் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கையெழுத்துப் போட்ட பிறகு விசா பற்றி யோசிக்கிறவர்கள் ஊரில் பழைய கிளப்பையும் விட்டுவிட்டு, அங்கேயும் இடமில்லாமல் நிற்பார்கள். இன்னொன்று, மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான், வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று ஒரு ஷரத்தை எழுத ஃபிஃபா விதி இடம் தருவதில்லை. பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே கிளப் முடித்திருக்க வேண்டும்.

சேத்ரி பிறகு 2010இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி போனார். லீக்கில் ஒரு ஆட்டமும் கிடைக்கவில்லை. 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங், அங்கே பி அணியில், அதாவது இரண்டாம் அணியில், விரல்விட்டு எண்ணும்படி சில ஆட்டங்கள். 2013 தொடக்கத்தில் லோனில், அதாவது தற்காலிகமாக, கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸுக்கு வந்தார், அந்த சீசன் ஐ-லீக் கோப்பை அவர்களுக்கே. அவருக்கு முன்பே 1999இல் பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிய பரி என்ற கிளப்புக்குப் போனார். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத கிளப், கோலும் சொற்பம். ஆனாலும் 30க்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள் ஆடினார். பெரிய கிளப்பின் பயிற்சி மைதானத்தில் படம் எடுத்துப் போடுவதைவிட, சின்ன கிளப்பில் சனிக்கிழமைதோறும் உதை வாங்குவது ஸ்ட்ரைக்கருக்கு நல்லது என்பது என் கட்சி. டிடியே ட்ரோக்பா 21 வயதில்தான் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டார், அதுவும் லெ மான் என்ற கிளப்பில். அங்கிருந்து கெங்காம்ப், மார்சே என்று படி ஏறி, 26 வயதில் செல்சி.

சம்பளம் வராமல் போனால் என்ன செய்வது என்பதில்தான் இளைஞர்கள் மிக மோசமாக ஏமாறுகிறார்கள். இரண்டு மாதச் சம்பளம் நின்றால் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவார்கள். அப்படி வந்தால், ஒப்பந்தத்தை மீறியவர் என்ற பழி வீரர் மேலேயே விழலாம். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால் முதலில் கிளப்புக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அப்போதும் பணம் வராவிட்டால்தான் தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்கிறது ஃபிஃபா விதி. புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் கொண்டுபோக வேண்டும், அதற்குப் பிறகு போனால் ஃபிஃபா தீர்ப்பாயம் காது கொடுக்காது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கிளப்போடு நடந்த மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள்.

ஏஜென்ட் விஷயம் சுருக்கமானது. ஃபிஃபா உரிமம் உள்ளவரா என்று பாருங்கள், வீரருக்கும் ஏஜென்டுக்கும் இடையிலான ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. டிரையலுக்கு, அதாவது தேர்வு ஆட்டத்துக்கு, முன்பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். 18 வயது நிறையாத பையனை வெளிநாட்டு கிளப்புக்கு மாற்றுவது சில விதிவிலக்குகள் தவிரத் தடை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஐரோப்பாவில் இடம் வாங்கித் தருகிறேன் என்று வருபவரை அப்பா அம்மா சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

மைதானத்தில் ஒரு தவறு. நாலு ஆட்டம் கோல் வரவில்லையென்றால் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கருக்குக் கை நடுங்கும், ஏனென்றால் அவரைக் கொண்டுவந்ததே கோலுக்காக. பந்தைத் தேடி நடுக்களம் வரை இறங்கிவிடுவார். பந்து காலில் படும், மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் ஓரத்திலிருந்து கிராஸ் வரும் நேரத்தில் கோலுக்கு முன்னால், பெனால்டி பாக்ஸில், ஆள் இருக்காது. தொடைத் தசையில் பிடிப்பு இருப்பதை இடம் போய்விடும் என்று பயந்து மறைப்பதும் இதே நடுக்கத்தின் இன்னொரு முகம். மூன்று வாரத்தில் ஆறுவது மூன்று மாதம் இழுக்கும்.

திரும்பி வருவதைத் தோல்வியாக நினைத்து, பெஞ்சில் உட்கார்ந்தே ஒப்பந்தக் காலத்தைக் கழிப்பவர்களும் உண்டு. ரஷ் அப்படி உட்காரவில்லை. திரும்பி வந்த முதல் சீசனிலேயே, 1989 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் எவர்ட்டனுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. லிவர்பூல் 3-2 என்று ஜெயித்தது, அதில் இரண்டு ரஷ்ஷுடையது.