கொழும்பிலிருந்து நடத்தப்படும் மாட்டுப் பண்ணைகள்: புல்லைக் கணக்கிடாமல் மாட்டை வாங்குவதால் நேரும் தவறுகள்

கொழும்பில் தொழிலோ வியாபாரமோ செய்துகொண்டு, சிலாபத்துக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்திலோ வவுனியாப் பக்கத்திலுள்ள பரம்பரைக் காணியிலோ மாடு வளர்க்கும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து மாதம் ஓரிரு முறை போய் வருவதும், மற்ற நாட்களில் பட்டியைப் பார்க்கும் ஆளுடன் தொலைபேசியில் பேசிக்கொள்வதுமே அவர்களது நிர்வாகமாக இருக்கிறது. இத்தகைய பண்ணைகள் நட்டத்தில் முடியும்போது நோயையோ பால் விலையையோ காரணம் காட்டுவது வழக்கமென்றாலும், நான் பார்த்தவரையில் பெரும்பாலானவற்றின் கேடு மேய்ச்சல் தரையில்தான் தொடங்கியிருக்கிறது.

முதல் தவறு, மாடு வாங்கும் மாதத்திலேயே நேர்ந்துவிடுகிறது. வடகீழ்ப் பருவமழை பெய்து ஓய்ந்த தை மாதத்தில் காணியைப் போய்ப் பார்ப்பவருக்கு எங்கும் முழங்காலளவு புல் தெரியும். அந்தப் பசுமையை நம்பி மந்தையின் அளவை முடிவுசெய்துவிடுவார். என் மைத்துனர் ஒருவர் அவ்வாறுதான் பத்து ஏக்கர் தென்னங்காணிக்கு 22 மாடுகளை வாங்கினார். 300 கிலோ எடையுள்ள வளர்ந்த மாடொன்று நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு, அதாவது 30 கிலோ பச்சைப்புல் தின்னும். 22 மாடுகளுக்கு நாளுக்கு 660 கிலோ வேண்டும். மழையில்லாத நான்கு மாதங்களுக்கு அது ஏறக்குறைய 79 தொன் ஆகிறது. இந்தப் பெருக்கலை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. காணி தாங்கக்கூடிய மாடுகளின் எண்ணிக்கையை ஆவணி, புரட்டாதி மாதத்து வறட்சியைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும். மழைக்காலத்தில் மிஞ்சும் புல்லை வெட்டிக் காயவைத்துச் சேமிப்பது மேலதிக வருமானம் போன்றது.

அவ்வாண்டு ஆவணியில் நானும் அவருடன் போனேன். "புல் இருக்குதா?" என்று அவர் கிழமைதோறும் கேட்டிருக்கிறார், "இருக்குது ஐயா" என்று பட்டிக்காரரும் பதில் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கினிப்புல்லின் தண்டுகள் நின்றுகொண்டுதான் இருந்தன, ஆனால் அவற்றில் இலை இல்லை. ஒரு தூரைப் பிடித்துச் சற்றே இழுத்தேன்; எந்தத் தடையுமின்றி வேரோடு கையில் வந்துவிட்டது. அதன் வேர்கள் விரல் நீளங்கூட இருக்கவில்லை. கிணற்றடிக்குப் போகும் மாட்டுத்தடத்தில் மண் சீமெந்துபோல இறுகியிருக்க, அதன் இருபுறமும் நாயுண்ணிச் செடி மட்டும் செழித்துப் பூத்திருந்தது. பசி மிகுந்த மாடு அந்தச் செடியையும் கடிக்கும். அதிலுள்ள நச்சு ஈரலைத் தாக்கி மஞ்சட்காமாலையை உண்டாக்குவதோடு, வெயில் படும் இடங்களில் தோலையும் வெடிக்கச் செய்யும்.

வேர் ஏன் அவ்வாறு குறுகியது என்பதை விளங்கிக்கொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே நின்றுவிடும். புல்லின் வேருக்கு உணவை ஆக்கிக் கொடுப்பது இலைதான். மாடு மேய்ந்தவுடன், தூரில் சேமித்திருந்த சத்தைச் செலவழித்தே புல் புதிய இலையை விடுகிறது. அந்த இலை விரிந்து பட்ட கடனை அடைப்பதற்குள் மாடு மறுபடியும் வந்து கடித்தால், வேர் சிறிது சிறிதாக மடிகிறது. முழுக் காணியையும் ஒரே வெளியாகத் திறந்துவிடும்போது மாடுகள் இளந்தளிர் உள்ள இடத்தையே திரும்பத் திரும்பத் தேடி மேய்வதால், நல்ல புல் முதலில் அழிந்து, மாடு தொடாத களைகள் எஞ்சுகின்றன. காணியை ஐந்தாறு துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் ஐந்து முதல் ஏழு நாட்கள் மட்டும் மேயவிட்டு, கினிப்புல் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறைந்ததும் அடுத்த துண்டுக்கு மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மாத ஓய்வு போதுமானது. வறட்சியில் அது போதாது. இம்முறையில் இன்னொரு பயனும் உண்டு. சாணத்திலுள்ள குடற்புழு முட்டைகள் பொரித்து, குடம்பிகள் புல்லில் ஏறுவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை பிடிக்கிறது. அதற்குள் மாடுகள் நகர்ந்துவிட்டால் புழுத் தொல்லை குறையும்.

தீவனச் சேமிப்பில் நேரும் தவறுகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகுந்த வேதனை உண்டாகிறது. வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் அறுவடை முடிந்ததும் வயலிலேயே வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். நான்கு மாதம் கழித்து, அதே ஊரில் மாடுகள் விலா எலும்பு தெரிய நிற்கின்றன. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்தினால் அதன் சத்தும் செரிமானமும் கூடும். அளவை மீறுவதும், யூரியா கரையாமல் கட்டியாகக் கிடக்க விடுவதும் மாட்டின் உயிரைப் பறித்துவிடும்; ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதை அறவே கொடுக்கக் கூடாது. முதன்முறை செய்வோர் கால்நடை வைத்தியரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. வேலியோரம் கிளிசரியா நட்டவருக்கு வறட்சியிலும் புரதம் கிடைக்கும். தழையை வெட்டிச் சில மணிநேரம் வாட விட்டுக் கொடுத்தால், முதலில் முகம் திருப்பும் மாடும் பழகிக்கொள்ளும். இப்பில் இப்பில் தழை நல்ல தீவனமானாலும் அதை மட்டுமே கொடுத்தால் மயிர் உதிரும். மொத்தத் தீவனத்தில் மூன்றிலொரு பங்குக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான சிஓ-3 புல்லைப் பலரும் ஆவலோடு நட்டுவிட்டு, பிறகு நீரும் எருவும் இல்லாமல் கைவிடுகிறார்கள். நீர்ப்பாசனம் இல்லாத இடத்தில் அது கினிப்புல்லுக்கு ஈடாகாது.

தென்னங்காணியில் மாடு வளர்ப்பது நல்ல சேர்க்கை. களையும் அடங்கும், எருவும் கிடைக்கும். ஆனால் ஓலை மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு வளரும் வரை தென்னங்கன்றுகள் உள்ள பகுதியில் மாட்டை விடக் கூடாது.

இனத் தெரிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நுவரெலியாவின் குளிரில் நிறையப் பால் தரும் பிரீசியன் மாட்டைக் கண்டு மயங்கி, அதைப் புத்தளத்தின் வெயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். வெப்பத்தில் அது தீனியைக் குறைத்துக்கொள்ளும், சினைப்படத் தாமதிக்கும், உண்ணிக் காய்ச்சலுக்கும் எளிதில் ஆளாகும். உலர் வலயத்துக்குச் சாகிவால் கலப்பினமோ ஜேர்சிக் கலப்பினமோ பொருந்தும். கவனிக்க ஆள் குறைவென்றால் நாட்டு மாடே நல்லது.

காணியைத் துப்புரவாக்குகிறோம் என்று மரங்களையெல்லாம் தறிப்பது திருத்த முடியாத தவறு. நிழலில்லாத மாடு நண்பகலில் மேய்வதை நிறுத்திவிடுகிறது. 2022 டிசம்பரில் குளிர்காற்றும் மழையும் ஒன்றுசேர்ந்து வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. அத்தகைய நாட்களில் உடம்பில் கொழுப்பில்லாமலும் காற்றுக்கு மறைவில்லாமலும் திறந்த வெளியில் நிற்கும் மாட்டுக்குத்தான் ஆபத்து அதிகம். வடகீழ்த் திசையில் ஒரு மரவரிசையும், கன்றுகளுக்கு ஒரு கூரையும் இருக்கட்டும். குளத்திலோ துரவிலோ மாடுகளை நேரே இறக்கிவிட்டால் கரை சரிந்து நீர் கலங்கிவிடும். நீரைத் தொட்டியில் இறைத்து வைக்க வேண்டும், அதுவும் மாடொன்றுக்கு நாளுக்கு 40 லீற்றருக்குக் குறையாமல். யானைக்குப் பயந்து வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம் மட்டுமன்றி, யானையையும் கொல்லும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கொல்லும். மின்வேலிக்கென்றே உள்ள, நொடிப்பொழுது மட்டும் மின்னை விடும் கருவியையே பயன்படுத்த வேண்டும்.

வெளியிலிருந்து வாங்கிய மாட்டை அன்றைக்கே பட்டியில் சேர்ப்பதும் பெருந்தவறு. தோல் கழலை நோய் 2020இல் வட மாகாணத்தில் தென்பட்டபோது அதை முன்பு கண்டறியாதவர்களே பலர். இந்நோயை இரத்தம் உறிஞ்சும் பூச்சிகளும் பரப்பும். நோயுள்ள மாடுகள் இடம்விட்டு இடம் போகும்போது அவற்றுடன் சேர்ந்து அதுவும் போகும். புதிய மாட்டைக் குறைந்தது மூன்று கிழமைக்குத் தனியே கட்டி, உண்ணி நீக்கி, தடுப்பூசி நிலையை அறிந்த பின்பே சேர்க்கலாம். வாங்கும்போது உரிமைச் சான்று, சுகாதாரச் சான்று, கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வைக்கத் தவறினால், வீதிச் சோதனையில் மாடும் வாகனமும் தடுத்து வைக்கப்படலாம். வேலியைத் தாண்டிக் கட்டாக்காலியாகத் திரியும் மாட்டால் அயலவரின் பயிர் அழிந்தால், அந்தப் பகை மாட்டின் விலையைவிடப் பெரிதாகிவிடும்.

மைத்துனர் அடுத்த பங்குனிக்குள், இன்னும் உடம்பு தேறியிருந்த மாடுகளில் பதின்மூன்றை விற்றுவிட்டு, ஒன்பதை வைத்துக்கொண்டார். காணி ஆறு துண்டுகளாகியது. ஒவ்வொரு துண்டிலும் 15, 30, 45 சென்ரிமீற்றர் உயரங்களில் வெள்ளைக் கோடு தீட்டிய ஒரு தடி நடப்பட்டது. இப்போது பட்டிக்காரர் ஞாயிறுதோறும் அந்தத் தடியருகே புல் நிற்கும் படத்தைத் தொலைபேசியில் அனுப்புகிறார். எந்தத் துண்டுக்கு மாட்டை மாற்றுவது என்பதை இருவரும் அந்தப் படத்தைப் பார்த்தே பேசி முடிவுசெய்கிறார்கள்.