தண்ணி, கரண்ட் கட் பண்ணி காலி பண்ண சொன்ன ஹவுஸ் ஓனர்: நான் என்ன பண்ணேன்
சென்னைல வாடகைக்கு இருக்கோம், அக்ரிமெண்ட் முடிய இன்னும் அஞ்சு மாசம் இருக்கு, திடீர்னு ஓனர் "பையனுக்கு வீடு வேணும், ஒரு வாரத்துல காலி பண்ணுங்க"ன்னாரு. முடியாதுன்னதும் மோட்டார் ரூமைப் பூட்டிட்டாரு, மறுநாள் ஃபியூஸையும் புடுங்கிட்டாரு. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு என் மனைவி பட்ட பாடு இருக்கே, இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. ஸ்டேஷன்ல போய் கேட்டா சிவில் மேட்டர்னுட்டாங்க.

அப்புறம்தான் ஒரு வக்கீல் அண்ணன் சொன்னாரு, தமிழ்நாட்டுல 2017 வாடகைச் சட்டம் இருக்கு, 2019 பிப்ரவரில இருந்து அமல்ல இருக்கு, அதுல 20வது பிரிவுப்படி தண்ணி கரண்ட்ட ஓனர் நிறுத்தவே கூடாது, காலி பண்ண வைக்கணும்னா வாடகை கோர்ட் ஆர்டர் வேணும்னு. நல்லவேளை அக்ரிமெண்ட்ட இந்தச் சட்டப்படி பதிவு பண்ணி பதிவு நம்பர் வாங்கி வச்சிருந்தேன் (இத மட்டும் தயவுசெஞ்சு விட்றாதீங்க). பூட்டோட போட்டோ, வாடகை ஜிபே பண்ண ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் மிரட்டல் எல்லாம் சேர்த்து இந்தச் சட்டப்படி இருக்கற அரசு அதிகாரியான வாடகை அதிகாரிகிட்ட மனு போட்டேன், விசாரணை முடியறதுக்கு முன்னாடியே இணைப்பைக் கொடுக்க சொல்லி இடைக்கால உத்தரவு போட்டாங்க. அன்னைக்கு சாயங்காலமே தண்ணி வந்துச்சு. நடுவுல ஒரு மாசம் கூட வாடகைய நிறுத்தல, அதான் என் பக்கம் பலமா நின்னுச்சு.