இறங்கும்போது மட்டும் வலித்த கால் நகம்

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து, 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலை பக்கம்தான். ஏறும்போது கால் ஒன்றும் செய்யாது. இறங்கினால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். தடித்த காலுறை, பிளாஸ்டர், ஒரு சைஸ் பெரிய சப்பாத்து என எல்லாம் பார்த்தேன். பெரிய சப்பாத்தில் வலி கூடியதுதான் மிச்சம்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அத்தைதான், "குதிகால் தூக்குது பாரும்மா" என்றார். பாதம் முன்னே சரிந்து நகம் இடிக்கிறது!

சப்பாத்தில் மேலே, சற்றுப் பின்தள்ளி, இரு பக்கமும் பலர் காலியாக விடும் ஒரு துளை இருக்கும். ஒவ்வொரு பக்கத்துச் சப்பாத்துக் கயிற்றையும் அதே பக்கத்து அந்தத் துளைக்குள் விட்டுச் சின்ன வளையம் வையுங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் மறுபக்கத்துக் கயிற்றை நுழைத்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னே தள்ளிவிட்டு இறுக்குங்கள். வலி நின்றது, நிம்மதி. ஏறும்போது இவ்வளவு இறுக்கம் வேண்டாம். இறங்குமுன் கட்டினால் போதும். நகத்தையும் முன்கூட்டியே அளவாக வெட்டிவிடுங்கள்.