பழைய ஜக்கார்டு அட்டையில் ஒரு முகம் செய்வது எப்படி?

அம்மாபேட்டையோ இளம்பிள்ளையோ, சேலத்தில் தறி ஓடும் தெருக்களில் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் பழைய ஜக்கார்டு அட்டை, அதாவது டிசைனுக்கு எந்த நூல் மேலே எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் ஓட்டை போட்ட அட்டை, கட்டுக் கட்டாகக் கிடக்கும். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு மாட்டிய வீடுகளில் அதற்கு இனி வேலை இல்லை, பழைய பேப்பர்காரரிடம் போவதற்குள் வாங்கிவிடுங்கள். முகத்துக்கும் இந்த அட்டைக்கும் பழைய தொடர்பு உண்டு: 1839இல் பிரான்சின் லியோன் நகரத்தில் இந்தத் தறிக் கருவியை உருவாக்கிய ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள், அதற்குச் சுமார் 24,000 அட்டை ஆனது. நமக்கு முப்பது நாற்பது இருந்தால் தாராளம். அட்டையையும் தாளையும் முக்கோண முக்கோணமாக வெட்டி ஒட்டி, என் பாட்டியின் முகத்தை நான் இதில்தான் செய்தேன்.

கூடவே பழைய கல்யாணப் பத்திரிகைகள், கறுப்புத் தாள், ஆசாரியிடம் மிஞ்சிய பிளைவுட் துண்டு ஒன்று. கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம், முக்கோணத்தின் முனை மழுங்கிவிடும். பிளேடு உடைத்துக்கொள்ளும் கட்டரும் ஸ்டீல் ஸ்கேலும்தான் சரி. அடியில் ஒரு கனமான காலண்டர் அட்டை போதும்.

போட்டோ ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும்படி எடுத்ததாக இருக்கட்டும். பாஸ்போர்ட் போட்டோ உதவாது, அதில் நிழலே இருக்காது. கறுப்பு வெள்ளையாக மாற்றி ஏ3 அளவில் இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று துண்டு துண்டாக வெட்டித் தாளின் மேல் அளவாக வைத்து வெட்ட, ஒன்று இடம் பார்த்து ஒட்ட.

ஜெராக்ஸ் மேலேயே முக்கோணம் போடுங்கள். கண் ஓரம், மூக்கு நுனி, உதட்டு ஓரம், தாடை முனை இவற்றில் புள்ளி வைத்துவிட்டு, வெளிச்சம் எங்கே நிழலாக மாறுகிறதோ அங்கே கோடு இழுங்கள். நெற்றிக்கும் கன்னத்துக்கும் பெரிய முக்கோணம், கண்ணையும் வாயையும் சுற்றிச் சின்னது. மூக்குக்கு வெளிச்சப் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று, அடியில் ஒன்று, அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் 1 முதல் 5 வரை ஓர் எண் எழுதுங்கள், 1 மிக வெளிச்சம், 5 மிக இருட்டு. இரண்டு ஜெராக்ஸிலும் அதே கோடு, அதே எண்.

இனி வருவதுதான் பலர் தடுமாறும் இடம். தோல் நிறத்தில் தாள் தேடாதீர்கள். முகம் முகமாகத் தெரிவது நிறத்தால் இல்லை, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால். நிழல் எண் சரியாக இருந்தால் பச்சைக் கன்னமும் நீல நெற்றியும்கூடப் பாட்டியாகத்தான் தெரியும். ஆனால் கண் ஏமாற்றும். பத்திரிகையின் குங்குமச் சிவப்பு பளிச்சென்று இருக்கிறதே என்று எடுத்து வைப்போம், கறுப்பு வெள்ளையில் பார்த்தால் அது நல்ல இருட்டு. அதனால் எல்லாத் தாளையும் தரையில் பரப்பி, மேலிருந்து போனில் ஒரு போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்து ஐந்து குவியலாகப் பிரியுங்கள். தங்கச் சரிகைத் தாளை ஒதுக்கிவிடுங்கள், நிற்கும் இடத்தைப் பொறுத்து அது ஒரு நேரம் வெளிச்சமாகவும் ஒரு நேரம் இருட்டாகவும் தெரியும்.

ஜக்கார்டு அட்டையின் அருமை இங்கேதான் தெரியும். அடியில் கறுப்புத் தாளை ஒட்டினால் ஓட்டை வழியாகக் கறுப்பு எட்டிப் பார்க்கும். ஓட்டை நெருக்கமான பகுதி 4, கலைந்து இருக்கும் பகுதி 3, ஓட்டையே இல்லாத ஓரம் 2. ஒரே அட்டையில் மூன்று நிழல்! ஓட்டை வரிசை கன்னம் வளையும் திசையிலேயே போகும்படி திருப்பி வெட்டினால் முகத்துக்கு ஒரு திரட்சி வரும்.

பிளைவுட் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டிக் காயவிட்டு, கண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். கண்ணில் நூலளவு நகர்ந்தாலும் வேறு ஆள் ஆகிவிடும், மற்ற இடமெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். கருவிழியில் ஒரு பொடி வெள்ளைத் துண்டு, வெளிச்சம் வந்த பக்கமாக. துண்டுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விட்டால் அடிக் கறுப்பு கோடாகத் தெரிந்து வேலை சுத்தமாக இருக்கும்.

பசைக்கு ஃபெவிகால், மெல்லிசாக. மைதா பசை மலிவுதான், ஆனால் இராமபாணப் பூச்சிக்கு மாவு என்றால் உயிர். அட்டையில் தறித் தூசி இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், தண்ணீர் பட்டால் ஊறிவிடும்.

பிறகு சேர்த்தது: ஏற்காட்டிலிருந்து ஒருவர், பலகை வளைந்துவிட்டது என்று எழுதியிருந்தார். மேலே அந்த ஈரக்காற்றில் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் அப்படித்தான் இழுக்கும். பின்பக்கமும் அதே தாளை ஒட்டிவிடுங்கள், அப்புறம் பாரம் வைத்துக் காயவிடுங்கள்.

ஜக்கார்டு அட்டை கிடைக்காத ஊர்க்காரர்கள் சட்டை அட்டையில் பஞ்சிங் மிஷினால் ஓட்டை போடலாம். மிஷின் ஓரத்துக்குத்தான் எட்டும் என்பதால் முதலில் அட்டையைக் குறுகலான பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி போட்ட முகம் என்றால், முதலில் கண்ணாடியே இல்லாத மாதிரி முகத்தை முடித்துவிட்டு, பிரேமை ஒல்லிப் பட்டையாகக் கடைசியில் மேலே ஒட்டுங்கள்.