எலக்ட்ரிக் பிரஷர் குக்கரில் முட்டை அவிப்பது எப்படி? ஓடு ஒட்டாமல் உரிக்க ஒரு வழி

நேரம் மிச்சமாகும் என்று நினைத்து எலக்ட்ரிக் பிரஷர் குக்கரில் முட்டை அவிக்க வேண்டாம். பிரஷர் ஏற ஆறேழு நிமிடம், வேக 5 நிமிடம், ஆவி அடங்க 5 நிமிடம், குளிர்ந்த நீரில் ஆற 5 நிமிடம். மொத்தத்தில் 20 நிமிடத்தைத் தாண்டிவிடும். அடுப்பில் பாத்திரம் வைத்து அவித்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும்.

ஆனாலும் இந்த முறையை நான் எல்லோருக்கும் சொல்வேன். முதல் காரணம், பட்டனை அழுத்தியபின் அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை. தண்ணீர் எப்போது கொதித்தது, எப்போது அணைப்பது என்று கணக்குப் பார்க்கவும் வேண்டாம். அதைவிடப் பெரிய காரணம் ஓடு. கடையில் அன்றைக்கு வந்திறங்கிய முட்டையானாலும் பெரும்பாலும் வெள்ளைக் கரு பிய்ந்துவராமல் முழுசாக உரிகிறது. பிரியாணிக்கோ முட்டைக் குழம்புக்கோ பத்துப் பன்னிரண்டு முட்டையை உரிக்க உட்காருகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஏன் சுலபமாக உரிகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் எதற்கென்று புரிந்துவிடும்.

ஓட்டுக்குள்ளே மெல்லிய சவ்வு இருக்கிறது. புது முட்டையின் வெள்ளைக் கருவில் கரியமில வாயு கரைந்திருப்பதால் அதன் காரத்தன்மை குறைவு. அந்த நிலையில் வேகவைத்தால் வெள்ளைக் கரு சவ்வோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். நாளாக ஆக, ஓட்டிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே வாயு வெளியேறி, வெள்ளைக் கருவின் பி.எச். அளவு 8-க்குக் கீழிருந்து 9-க்கு மேல் போய்விடும். அப்போது ஒட்டுவது குறையும். வாங்கி ஒரு வாரமான முட்டை நன்றாக உரிவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது சூடேறும் வேகம். பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பை ஏற்றினால் வெள்ளைக் கரு மெதுவாக இறுகும். அந்த அவகாசத்தில் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். குக்கரில் முட்டை தண்ணீரைத் தொடாமல் தாங்கியின் மேல் இருக்கிறது. கீழே தண்ணீர் கொதிக்கும்வரை அதற்குப் பெரிய சூடு இல்லை. ஆவி வந்ததும் ஒரேயடியாகத் தாக்கும். வெள்ளைக் கருவின் வெளிப்பக்கம் சட்டென்று இறுகி, சவ்வைப் பிடிக்காமல் உள்ளே சுருங்கிக்கொள்கிறது. ஆகவே முட்டையைத் தண்ணீரில் மூழ்கவிடக் கூடாது. இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

எடுத்து வைக்க வேண்டியவை

5 அல்லது 6 லிட்டர் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர், ஒரு கப் தண்ணீர் (250 மி.லி.), குக்கரோடு வந்த கம்பித் தாங்கி, விருப்பப்பட்ட எண்ணிக்கையில் முட்டை, ஒரு பாத்திரம் நிறைய ஐஸ் தண்ணீர். 8 லிட்டர் குக்கர் என்றால் தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு கப் வேண்டும். உங்கள் குக்கரின் கையேட்டில் குறைந்தபட்சத் தண்ணீர் அளவு போட்டிருக்கும், அதற்குக் கீழே போகாதீர்கள்.

தாங்கி தொலைந்துவிட்டதா? சின்ன இட்லி ஸ்டாண்டு உள்ளே நுழைந்தால் அதுவே போதும். குழிக்கு ஒரு முட்டை உருளாமல் உட்காரும், துளைகள் வழியே ஆவியும் வரும்.

உறவினர்கள் அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ கொண்டுவந்து கொடுத்த குக்கரா? அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். அந்த நாடுகளில் விற்பது 120 வோல்ட் குக்கர். இந்தியா, இலங்கை வீடுகளில் வருவது 230 வோல்ட். பிளக் பொருந்துகிறதே என்று நேரடியாகச் சொருகினால் குக்கர் வீணாகிவிடும், ஆபத்தும்கூட. குக்கரின் வாட் அளவைத் தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைப் பயன்படுத்தவே கூடாது.

செய்முறை

1. முட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கீறல் விழுந்ததை ஆம்லெட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள், குக்கரில் வைத்தால் வெள்ளைக் கரு வெளியே பிதுங்கும். ஓட்டில் அழுக்கிருந்தால் கழுவிக்கொள்ளுங்கள்.

2. உள்பாத்திரம் குக்கருக்குள் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். முதன்முதலாகப் பயன்படுத்துகிறவர்கள் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்திருப்பதை மறந்து ஹீட்டர் மேலேயே ஊற்றிவிட வாய்ப்பு உண்டு. அப்படி நேர்ந்தால் குக்கர் பழுதாகிவிடும்.

3. தாங்கியை வைத்து அதன்மேல் முட்டைகளை அடுக்குங்கள். இடம் போதாவிட்டால் இரண்டாவது அடுக்காகவும் வைக்கலாம். இரண்டு முட்டையானாலும் பன்னிரண்டானாலும் வேகும் நேரத்தை மாற்ற வேண்டாம். முட்டை அதிகமானால் பிரஷர் ஏறத்தான் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அந்தக் கணக்கைக் குக்கரே பார்த்துக்கொள்ளும்.

4. மூடியின் உட்புறம் உள்ள ரப்பர் கேஸ்கெட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூடியைப் பூட்டி, வால்வை 'சீலிங்' பக்கம் திருப்புங்கள். சாம்பாரும் பிரியாணியும் செய்த கேஸ்கெட்டில் மசாலா வாசனை தங்கியிருக்கும். வெறும் முட்டைக்கும் இட்லிக்கும் தனியாக ஒரு கேஸ்கெட் வைத்துக்கொள்வது நல்லது, விலை அதிகமில்லை.

5. 'பிரஷர் குக்' அல்லது 'மேனுவல்' பட்டனை அழுத்தி, ஹை பிரஷரில் 5 நிமிடம் வையுங்கள். 'கீப் வார்ம்' எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நேரம் முடிந்த பிறகும் அடியில் சூடு தொடரும். சில மாடல்களில் 'எக்' என்றே பட்டன் இருக்கிறது. அதில் கம்பெனி வைத்திருக்கும் நேரம் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் நான் மேனுவலையே சொல்வேன்.

விசில் குக்கரில் பழகியவர்களுக்கு: இதில் விசில் வராது. உள்ளே பிரஷர் ஏறியதும் மூடியிலுள்ள சின்ன ஊசி மேலே எழும், அதன் பிறகுதான் திரையில் நிமிடம் குறைய ஆரம்பிக்கும். விசில் குக்கர் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும், பல எலக்ட்ரிக் குக்கர்கள் 115 டிகிரியைச் சுற்றியே நிற்கும். ஆகவே 'ரெண்டு விசில்' கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம்.

6. பீப் ஒலித்ததும் வால்வைத் தொடாமல் 5 நிமிடம் விட்டுவிடுங்கள். உடனே திறந்தால் பிரஷர் திடீரென்று இறங்கி ஓடு வெடிக்கக்கூடும். அந்த 5 நிமிடத்திலும் முட்டை வெந்துகொண்டேதான் இருக்கும், அதையும் சேர்த்தே இந்தக் கணக்கு.

7. பிறகு வால்வை 'வென்டிங்' பக்கம் திருப்பி மிச்ச ஆவியை வெளியேற்றுங்கள். நீளமான மரக்கரண்டியின் காம்பால் தள்ளுங்கள், கையும் முகமும் வால்வுக்கு நேராக இருக்கக் கூடாது. மேலே ஷெல்ஃப் இருந்தால் குக்கரை முன்னே இழுத்து வைத்துவிட்டுத் திறங்கள். ஊசி கீழே விழுந்த பிறகுதான் மூடி திறக்கும், அதுவரை பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள்.

8. முட்டைகளை உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி 5 நிமிடம் வையுங்கள். ஐஸ் இல்லையென்றால் ஃபிரிட்ஜ் தண்ணீரை ஊற்றி, அது சூடானதும் ஒருமுறை மாற்றுங்கள். சித்திரை வைகாசியில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே சுடும், அதை நம்ப முடியாது.

நேரத்தை உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ள

மேலே சொன்ன 5 நிமிடம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 50 முதல் 55 கிராம் எடையுள்ள பண்ணை முட்டைக்கு. கடையில் நமக்குச் சாதாரணமாகக் கிடைப்பது ஏறக்குறைய அந்த எடைதான். வெளியில் வைத்திருந்த முட்டைக்கும், சிறியதாக இருக்கும் நாட்டுக்கோழி முட்டைக்கும் 4 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். வாத்து முட்டை பெரியது, 7 நிமிடம் வையுங்கள். காடை முட்டைக்கு இந்தக் குக்கரே வேண்டாம், கொதிக்கிற தண்ணீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்தால் போதும்.

மஞ்சள் கரு நடுவில் கொஞ்சம் இளகியிருக்க வேண்டுமா? 3 நிமிடம் வைத்து, பீப் அடித்ததும் ஆவியை உடனே வெளியேற்றி ஐஸ் தண்ணீரில் போடுங்கள். இப்படிச் செய்யும்போது ஒன்றிரண்டு ஓடு விரியலாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இளகிய முட்டை கொடுக்காதீர்கள். சால்மொனெல்லா கிருமி முழுதாகச் சாக மஞ்சள் கரு இறுக வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். குக்கர் பிரஷரை ஏற்றினாலும் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதால், உள்ளே வெப்பம் சமவெளியைவிட நாலைந்து டிகிரி குறையும்.

ஒவ்வொரு குக்கரும் கொஞ்சம் மாறுபடும். புதுக் குக்கர் என்றால் முதலில் இரண்டு முட்டை மட்டும் வைத்து, வெட்டிப் பாருங்கள். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையோ சாம்பலோ படர்ந்திருந்தால் வேக்காடு அதிகம். வெள்ளைக் கருவிலிருந்து வரும் கந்தக வாயு, மஞ்சள் கருவிலுள்ள இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, ஆனால் மஞ்சள் கரு மாவு மாவாக உதிரும், வாசமும் நன்றாக இருக்காது. அடுத்த முறை ஒரு நிமிடம் குறையுங்கள். நடுவில் ஈரம் தெரிந்தால் ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

உரிப்பது

முட்டையின் அகலமான முனையில் காற்றறை இருக்கிறது. அங்கே ஒரு தட்டு தட்டி, பிறகு மேடையில் வைத்து உள்ளங்கையால் மெல்ல உருட்டுங்கள். ஓடு முழுக்க நொறுங்கியதும் அகலமான முனையிலிருந்து ஆரம்பியுங்கள். ஓட்டை மட்டும் பிடிக்காமல் சவ்வையும் சேர்த்துப் பிடித்தால், பழைய சுவரொட்டியைக் கிழிப்பதுபோல் பெரிய பெரிய துண்டாக வரும். எங்காவது ஒட்டினால் தண்ணீருக்குள் வைத்து உரியுங்கள்.

குழம்புக்கு உருளைக்கிழங்கும் சேர்த்து

முட்டைக் குழம்பில் உருளைக்கிழங்கு போடுகிற வீடென்றால் இரண்டையும் ஒரே தடவையில் வேகவைக்கலாம். கிழங்கைத் தோல் சீவி ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, துளையுள்ள கூடையில் போட்டுத் தாங்கி மேல் வையுங்கள். நன்றாகக் கழுவிய முட்டைகளை அதன்மேல் வைத்து, அதே 5 நிமிடம். கிழங்கு வெந்திருக்கும், ஆனால் கரையாது.

எடுத்து வைக்க

அன்றைக்கே சாப்பிடாதவற்றை உரிக்காமல், ஈரம் துடைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒரு வாரம் வரை இருக்கும். ஓட்டின்மேல் பென்சிலால் தேதி எழுதி வைத்தால் பச்சை முட்டையோடு கலந்துவிடாது. உரித்ததை மூடிய டப்பாவில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். திரும்பச் சூடாக்க முழு முட்டையை, உரித்திருந்தாலும் சரி, மைக்ரோவேவில் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே ஆவி சேர்ந்து, வெளியே எடுத்து வெட்டும்போதுகூட முகத்தில் வெடிக்கும். கொதிக்கிற தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, அதில் ஐந்தாறு நிமிடம் போட்டு வைத்தால் போதும்.